மானசகங்கோத்திரியின் பழ ஈக்கள்

மைசூர் என்றால் நம்மவர்க்கு அரண்மனையும் தசராவும் மல்லிகையும்தான் நினைவுக்கு வரும். மானசகங்கோத்திரி விலங்கியல் துறையில் கண்ணாடிப் புட்டிகளுக்குள் தலைமுறை தலைமுறையாக ஈ வளர்த்தார்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தவன்தான்.

வாழைப்பழத் தோலில் மொய்க்கும் அந்தச் சின்ன ஈதான் ட்ரோசோபிலா. சுமார் பத்து நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். பேராசிரியர் எம்.ஆர். ராஜசேகரசெட்டி இங்கே இந்த ஆய்வை வளர்த்தவர். அவர் பெயரால் ரெட்டி, கிருஷ்ணமூர்த்தி இருவரும் 1968-இல் ஓர் ஈயினத்துக்கு 'ராஜசேகரி' என்று பெயரிட்டனர். 1924-இலேயே வேறு பெயர் பெற்ற இனம் அது என்று பின்னர் தெரிந்து, பெயர் நிலைக்கவில்லை. ஊர்ப் பெயர் தாங்கிய 'மைசூரென்சிஸ்' 1970-இல் வந்தது. பின்னர் எச்.ஏ. ரங்கநாத், எட்டுக் குரோமோசோம் உள்ள ஈயையும் ஆறு உள்ள ஈயையும் கலந்து, புதுக் குரோமோசோம் அமைப்புள்ள வம்சங்களையே புட்டிக்குள் உருவாக்கிக் காட்டினார்.

ஈக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீர்கள். அமெரிக்காவில் மார்கன் குழுவைச் சேர்ந்த டெக்ஸ்டர் 1914-இல், இறக்கை ஓரம் வெட்டுப்பட்ட ஈ ஒன்றைப் பதிவு செய்தார். அதனால் அந்த மரபணுவுக்கு 'நாட்ச்' என்றே பெயர். நாட்ச் புரதம் செல்லின் மேற்பரப்பில் நிற்கும். பக்கத்துச் செல் தொட்டதும் அதன் உள்துண்டு அறுபட்டு, உட்கருவுக்குள் போய், வேறொரு புரதத்தோடு சேர்ந்து சில மரபணுக்களை இயங்கச் செய்யும். வாசலில் வந்த சேதியை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சொல்லும் ஆள் மாதிரி. அந்த ஆள் யாரும் கூப்பிடாமலே ஓயாமல் கத்தினால்? 1991-இல் மனிதரின் டி-செல் ரத்தப் புற்றுநோயில், 7, 9-ஆம் குரோமோசோம்கள் முறிந்து மாறி ஒட்டிய இடத்தில் இதே மரபணு சிக்கியது. இந்நோயாளிகளில் பாதிப்பேருக்கு மேல் இதில் மாற்றம் இருப்பதை 2004-இல் கண்டனர்.

என் அக்கா மகனை இந்த நோய்க்கு 1989-இல் பறிகொடுத்தோம், பதினொரு வயசு. ஏன் வந்தது என்று அக்கா கேட்டபோது, வினைப்பயன் என்றேன். அந்தப் பதிலுக்காக இன்றும் கூசுகிறேன்.

இந்த ஈக்களுக்கு இங்கே போடும் தீனி கோதுமை ரவையும் வெல்லமும் அகரும். முதல் இரண்டும் என் கடைச் சரக்கு. நாற்பது வருஷமா எடை போட்டுக் கொடுத்திருக்கிறேன். கொல்லாமையில் பிறந்து வளர்ந்தவன் நான். ஈதர் காட்டி மயக்கி, எண்ணி முடித்ததும் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுவார்கள் என்பது மட்டும் என் மனசுக்கு இன்னும் ஒப்பவில்லை. அக்காவிடம் அதைச் சொன்னேன். "ரவை கொடுக்கிறதை நிறுத்திடாதேடா" என்றாள்.