கிழக்குக் கரையின் இளவேனில் மீன்பிடிப்பும் படகுப் பெயர்களும்

தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலமாகும். சித்திரை, வைகாசித் திங்கள்களாகிய இளவேனிலை இது ஏறத்தாழ முழுமையாகத் தழுவி நிற்கிறது. இக்காலத்தில் யார் கடலுக்குச் செல்லலாம் என்பது படகின் வகையைப் பொறுத்தது. அவ்வகைப் பெயர்கள் உருவான வரலாற்றையும் அவற்றை மொழிபெயர்ப்பதில் எழும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பொழுதும் தொழிலும்

தொல்காப்பியம் நெய்தலுக்கு எற்பாடு என்னும் சிறுபொழுதை மட்டுமே வகுத்தது. பிற்கால இலக்கணம் ஆறு பெரும்பொழுதுகளையும் அதற்கு உரியவாக்கியது. கடற்றொழில் ஆண்டு முழுதும் நிகழ்வது என்னும் நோக்கிற்கு இது இயைந்ததே. இளவேனிலில் கடலுக்குச் செல்லலாகாது என்னும் வரையறை இலக்கண மரபு அறியாதது; சட்டம் தந்தது.

2. பெயர்களின் பிறப்பு

கட்டுமரம், வள்ளம், வத்தை என்பன அமைப்பால் பெயர் பெற்றவை. நாடு விடுதலை பெற்றபின் இயந்திரமும் இழுவலையும் பரவியபோது 'விசைப்படகு' என்னும் சொல் வழக்கில் ஊன்றியது. அதற்கு எதிர்நிலையில் பழைய கலங்கள் அனைத்தும் 'நாட்டுப்படகு' எனத் தொகுக்கப்பட்டன. 1970களில் இரு சாராரிடையே மோதல்கள் எழுந்தன. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய 3 கடல் மைல் பரப்பில் விசைப்படகுகள் மீன்பிடிப்பதை விலக்கியது. மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி 2001இல் 45 நாள் தடை நடைமுறைக்கு வந்தது. 2017இல் அது 61 நாளாயிற்று.

3. இரண்டல்ல, மூன்று

இதற்கிடையே நாட்டுப்படகுகளிலும் வெளிப்பொருத்து இயந்திரம் இடம்பெற்றது. ஆகவே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கெடுப்புகள் கலங்களை மூவகைப்படுத்துகின்றன. செலுத்துவதற்கும் வலையை இயக்குவதற்கும் இயந்திரத்தைப் பயன்படுத்துவது 'மெக்கனைஸ்டு'. செலுத்த மட்டும் இயந்திரம் கொண்டு, கையால் மீன்பிடிப்பது 'மோட்டரைஸ்டு'. இயந்திரமே இல்லாதது மூன்றாவது.

முன்னிரண்டையும் 'இயந்திரப் படகு' என ஒரே சொல்லால் பெயர்த்தால் பொருள் பிறழும். மாநிலத்தின் தடை விசைப்படகுகளையும் இழுவைப் படகுகளையும் குறித்தது. 12 கடல் மைலுக்கு அப்பாலுள்ள கடற்பரப்புக்கான மத்திய அரசின் ஆணையோ இயந்திரமில்லாத மரபுவழிக் கலங்களுக்கு மட்டும் விலக்களிக்கிறது. எனவே இயந்திரம் பொருத்திய வள்ளம் கரைக்கடலில் ஒரு நிலையும் அப்பாலைக் கடலில் வேறொரு நிலையும் பெறுகிறது. 'நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை' என்னும் பொதுத்தொடர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடும். அதை நம்பித் தொலைகடலுக்குச் செல்லும் மீனவர் ஆணையை மீறியவராவார்.

4. முடிவுரை

விசைப்படகு, இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகு, இயந்திரமில்லா நாட்டுப்படகு என மூன்று தொடர்களையும் ஆவணம் முழுதும் ஒரே சீராக ஆள்வது தக்கது. மூன்றும் மக்கள் வழக்கிலுள்ள சொற்களால் ஆனவை. புதுச்சொல் படைக்க வேண்டிய தேவை இல்லை. தடை எக்கடற்பரப்புக்கு உரியது என்பதையும் உடன் சுட்டுதல் வேண்டும்.