பத்து நிமிட இழப்பு: ‘தி வைல்ட் பன்ச்’ திரையரங்கிலிருந்து வட்டுக்கு வந்த வழி

சாம் பெக்கின்பா இயக்கிய ‘தி வைல்ட் பன்ச்’ 1969 ஜூன் மாதம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது அதன் நீளம் ஏறத்தாழ 145 நிமிடங்கள். சில வாரங்களுக்குள் அது 135 நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. இயக்குநர் ஊரில் இல்லாத நேரத்தில் இந்த வெட்டுக்கு ஒப்புதல் தந்தவர் தயாரிப்பாளர் ஃபில் ஃபெல்ட்மன். தணிக்கைக்கு இதில் பங்கில்லை. படம் குறுகினால் நாளொன்றுக்கு ஒரு காட்சி கூடுதலாக ஓட்டலாம் என்ற வசூல் கணக்குத்தான் காரணம். எனவே வெட்டியவர்கள் தொடக்கக் கொள்ளையிலும் இறுதிப் போரிலும் கைவைக்கவில்லை. கதைமாந்தரின் கடந்த காலத்தைச் சொல்லும் காட்சிகளை எடுத்துவிட்டார்கள். ‘ரத்தக்களரிப் படம்’ என்று இப்படத்துக்கு ஒட்டிக்கொண்ட பெயரில் அந்த வெட்டுக்கும் பங்குண்டு என்பதும், அந்தப் பெயரைச் சாதாரண ரசிகர் தாமே சரிபார்க்க வழிசெய்தவை வீட்டுக் காணொளி வடிவங்களே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

போனது என்ன என்று நெருங்கிப் பார்த்தால்தான் இழப்பின் அளவு தெரியும். கதை நடப்பது 1913இல், டெக்சாஸ்–மெக்சிகோ எல்லையில். கொள்ளைக் கூட்டத் தலைவன் பைக் பிஷப்பாக வில்லியம் ஹோல்டன். அவனை வேட்டையாடும் பழைய கூட்டாளி தார்ன்டனாக ராபர்ட் ரயன். ஒருவனோடு சேர்ந்துவிட்டால் கடைசிவரை அவனுடன் நிற்க வேண்டும் என்று பைக் தன் ஆட்களைக் கண்டிக்கிறான். சற்றுப் பிறகு கிழவன் சைக்ஸ் குதிரையில் பக்கத்தில் வந்து, கொள்ளையின்போது ‘கிரேசி லீ’ எப்படி நடந்துகொண்டான் என்று விசாரிக்கிறான். அந்தப் பையன் கிழவனின் பேரன். பிணையாளிகளைக் காவல் காக்கச் சொல்லி அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன் பைக். நன்றாகத்தான் நடந்துகொண்டான் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறான். சுருக்கப்பட்ட பிரதியில் இந்த உரையாடல் இல்லை; அதனால் பைக்கின் உபதேசம் வெறும் வீரவசனமாக நின்றுவிடுகிறது. தார்ன்டன் பிடிபடக் காரணம் பைக்கின் அலட்சியம் என்று காட்டும் பின்னோக்குக் காட்சியும் அதில் இல்லை. பைக்கின் கால் காயத்துக்குப் பின்னாலுள்ள காதல் கதையும் போயிற்று. மெக்சிகோப் புரட்சித் தலைவர் வில்லாவின் படை தாக்கும்போது ரயில் நிலையத்தில் அசையாமல் நிற்கும் தளபதி மபாச்சேயும் காணாமல் போனார். இத்தனையையும் நீக்கிய பின், கூட்டாளி ஏஞ்சலுக்காக நால்வர் சாவை நோக்கி நடக்கும் அந்தக் கடைசி நடை, குற்றவுணர்வின் கணக்குத் தீர்ப்பாக அன்றி வெறும் வெறியாகத் தெரிவதில் வியப்பில்லை.

மீட்பு நேர்கோட்டில் நடக்கவில்லை. மறுவெளியீட்டுக்காக 1993இல் முழுநீளப் பதிப்பை வார்னர் நிறுவனம் மறுசான்றுக்கு அனுப்பியபோது, 1969இல் ‘ஆர்’ சான்று பெற்ற படத்துக்கு அதைவிடக் கடுமையான ‘என்சி-17’ கிடைத்தது. முறையீட்டுக்குப் பின் பழைய சான்று திரும்பி, 1995இல் படம் திரையரங்குகளுக்கு வந்தது. 1997இல் டிவிடி வெளியானது. பாதிப் படம் முடிந்ததும் வட்டைத் திருப்பிப் போட வேண்டும். 2006இல் வந்த இரட்டை வட்டுப் பதிப்பில் பால் செய்டர் உள்ளிட்ட நான்கு பெக்கின்பா ஆய்வாளர்களின் விளக்கவுரை இருந்தது. படப்பிடிப்பின்போது எடுத்த கறுப்பு வெள்ளைத் துண்டுகளைக் கொண்டு செய்டர் உருவாக்கிய ஆவணப்படமும் சேர்ந்திருந்தது. 2007இல் புளூ-ரே வந்தது. விளக்கவுரையோடும் துணைச்சான்றோடும் ஒரு திரைப்படம் பதிப்பிக்கப்படுவது, பழைய ஏட்டைப் பாடவேறுபாடுகளுடன் அச்சிடுவதற்கு நிகரான வேலை என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. வட்டுகள் வருவதற்கு நெடுநாள் முன்பே இப்படத்தின் பெருமையை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். பெக்கின்பாவின் வெஸ்டர்ன் படங்களைப் பற்றிச் செய்டர் எழுதிய நூலே 1980இல் வந்துவிட்டது. உண்மைதான். ஆனால் விமர்சகர் சொல்வதை நம்புவது வேறு, படத்தை நிறுத்தியும் பின்னோட்டியும் தாமே சோதிப்பது வேறு. லூ லொம்பார்டோவின் படத்தொகுப்பு இத்தகைய சோதனைக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ஒருவன் கூரையிலிருந்து மெதுவாக விழுந்துகொண்டிருக்கும்போதே இயல்பு வேகத்தில் நாலைந்து துண்டுகள் குறுக்கிடும். அவன் தரையைத் தொடுவதற்குள் வேறு இருவர் செத்திருப்பார்கள். அரங்கில் இது அதிர்ச்சியாக மட்டும் பதியும். திரும்பப் பார்ப்பவருக்கே அதன் கட்டுமானம் புலப்படும்.

வீட்டுக் காணொளியும் படத்தைச் சிதைத்ததே என்பது இரண்டாவது மறுப்பு. அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2.35:1 அகலத்தில் லூசியன் பல்லார்ட் ஒளிப்பதிவு செய்த சட்டகத்தைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கேற்ப முழு உயரத்துக்கு நறுக்கினால் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் பறிபோகும். நால்வர் அருகருகே நடக்கும் காட்சிக்கு அதைவிடப் பெரிய தீங்கு வேண்டியதில்லை. ஓட்ட நேரத்தை வைத்துப் பதிப்புகளை ஒப்பிடுவோரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஐரோப்பியத் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 24 சட்டகங்கள் 25 ஆக ஓடுவதால், ஒரு துண்டும் வெட்டாமலே 145 நிமிடங்கள் 139 ஆகிவிடும். என்றாலும் இவை கைமாற்றும் வடிவத்தின் குறைகள். அடுத்த வடிவம் அவற்றைத் திருத்தியது. 1969இன் வெட்டு கதையையே மாற்றியது.

நீளமான பதிப்பே எப்போதும் சிறந்தது என்பது என் வாதமன்று. இங்கே அளவுகோல், பெக்கின்பா முடித்துக் கொடுத்த வடிவம் ஒன்று உண்மையில் இருந்தது என்பதே. அவருடைய ‘பேட் கேரட் அண்ட் பில்லி த கிட்’ (1973) படத்துக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. எம்ஜிஎம் நிறுவனம் படத்தொகுப்பு முடியுமுன்பே அதைக் கைப்பற்றி 106 நிமிடங்களாக வெளியிட்டது. இயக்குநர் 1984இல் இறந்துவிட்டதால், எது இறுதி வடிவம் என்று தீர்க்க எவருமில்லை. 2005இல் செய்டர் சுமார் 115 நிமிடங்களுக்கு ஒரு பதிப்பை உருவாக்கினார்; 2024இல் கிரைட்டீரியன் நிறுவனம் திரையரங்கப் பதிப்பு, முன்னோட்டப் பதிப்பு, புதிய பதிப்பு மூன்றையும் ஒரே தொகுப்பில் தந்து, தேர்வைப் பார்ப்பவரிடமே விட்டது.