அம்மோனியா பஞ்சு

மெடிசின் வார்டில் எங்களிடம் ஒரு சின்ன பாட்டிலில் அம்மோனியா இருக்கும். மயங்கி விழுந்தேன், கைகாலைத் தூக்க முடியவில்லை என்று வரும் பெண்களுக்கு பி.பி., சுகர், இ.சி.ஜி. எல்லாம் சரியாக இருந்துவிட்டால், பஞ்சை அதில் நனைத்து மூக்கருகே காட்டுவோம். நெடி தாங்காமல் தலையைத் திருப்பினால் கேஸ் ஷீட்டில் ‘ஃபங்ஷனல்’ என்று ஏறிவிடும். ‘நடிப்பு’ என்று எழுத முடியாது இல்லையா, அதற்குத்தான் அந்தச் சொல். 26 வருட சர்வீஸில் எத்தனை பேர் மூக்கில் அந்தப் பஞ்சைப் பிடித்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

2021 மே மாதம் கொரோனா வார்டு டூட்டியில் எனக்கும் காய்ச்சல் வந்தது. ஆக்சிஜன் தேவைப்படவில்லை. மூன்றாவது வாரம் டூட்டியில் சேர்ந்தேன். காலை ஊசி ரவுண்டில் பாதி கட்டில்கள் தாண்டுவதற்குள் ட்ராலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். “அக்கா, நீங்க போய் உக்காருங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் கூட இருந்த பிள்ளை. அன்று உட்கார்ந்தவள்தான். ஒன்றரை வருடம் லீவும் டூட்டியுமாக இழுத்துப் பார்த்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன்.

அசதி, அலுப்பு, களைப்பு, சோர்வு, ஓய்ச்சல் என்று தமிழில் இதற்குச் சொல் நிறைய உண்டு. எல்லாமே ஒரு நல்ல தூக்கத்தில் போகிற சங்கதிகள். எனக்கு வந்தது அப்படிப் போகவில்லை. இன்று தலைக்குக் குளித்து நாலு துணி அலசினால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. நாளையோ நாளை மறுநாளோ தொண்டை வலிக்கும், கழுத்தில் நெறி கட்டும், படித்த வரி மண்டையில் ஏறாது, கழிப்பறைக்குப் போய் வருவதே மலையேற்றமாக இருக்கும். டெஸ்டுகள் அத்தனையும் நார்மல். “சிஸ்டர், வயசு ஆகுதுல்ல, டென்ஷன் வேற” என்றார் பார்த்த டாக்டர். பஞ்சு காட்டாததுதான் குறை.

படுத்தபடியே, பத்துப் பத்து நிமிஷமாக போனில் படித்ததில்தான் தெரிந்தது, எனக்கு வந்த இந்த நோயின் சரித்திரத்தில் பாதி எங்கள் தொழிலின் சரித்திரம் என்று.

1934இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் போலியோ பரவிக்கொண்டிருந்தது. அங்கே கவுன்டி பொது மருத்துவமனையில் போலியோ நோயாளிகளைப் பார்த்த ஊழியர்களுக்கே விசித்திரமான ஒரு நோய் வந்தது. கைகால் பலவீனம், தசைவலி, தூக்கமின்மை, அழுகை, ஞாபகக் குறைவு. போலியோ போலத் தொடங்கினாலும் போலியோ மாதிரி கைகால் சூம்பவில்லை. 198 பேர் விழுந்தார்கள், அதில் நர்ஸுகள் ஏராளம். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் அலெக்சாண்டர் கில்லியம் இதை விசாரித்து 1938இல் அறிக்கை வெளியிட்டார்.

அடுத்தது லண்டன். அங்கே இந்த நோய் பரவிய மருத்துவமனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்ட எனக்கு மனமில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனை 1828இல் வில்லியம் மார்ஸ்டன் ஏழைகளுக்காகத் தொடங்கியது. 1877இல் பெண் மருத்துவ மாணவிகளுக்கு வார்டுகளைத் திறந்துவிட்டதும் லண்டனில் அதுதான் முதலில். நம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியை 1885இல் தொடங்கிய மேரி ஷார்லீப், 1875இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர். பிறகு லண்டன் போய்ப் படித்ததும், பின்னாளில் பெண்நோய் மருத்துவராக வேலை பார்த்ததும் இந்த ராயல் ஃப்ரீயில்தான். பிரசவ வார்டுப் பயிற்சிக்கு கோஷாவில் நின்ற நாட்களில் எனக்கு இது தெரியாது.

1955 ஜூலை 13 அன்று ராயல் ஃப்ரீயில் ஒரு டாக்டரும் ஒரு வார்டு சிஸ்டரும் இன்னதென்று புரியாத நோயோடு அட்மிட் ஆனார்கள். தலைவலி, தொண்டை வலி, தலைசுற்றல், கைகால் வலி, நெறிக்கட்டு. பன்னிரண்டே நாளில் எழுபது பேருக்கு மேல் படுத்தார்கள். ஜூலை 25 அன்று மருத்துவமனையையே மூடினார்கள், திறக்க அக்டோபர் 5 ஆனது. நவம்பர் முடிவதற்குள் 292 ஊழியர்களுக்கு வந்துவிட்டது. அதில் 255 பேர் படுக்கையில் சேர்க்கப்பட்டவர்கள். ஏற்கெனவே உள்ளே இருந்த நோயாளிகளில் வந்தது வெறும் 12 பேருக்கு. நோயாளிகளை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களைப் பிடித்த நோய்.

மறுவருடம் லான்செட் இதழின் தலையங்கம் இதற்கு ‘பினைன் மயால்ஜிக் என்செஃபலோமைலிடிஸ்’ என்று பெயர் வைத்தது. தசைவலி, மூளையிலும் தண்டுவடத்திலும் அழற்சி என்று பொருள். முன்னால் நிற்கும் ‘பினைன்’ எதற்கு என்றால், யாரும் சாகவில்லையாம், அதனால் சாதுவான நோய். வருடக்கணக்கில் கட்டிலில் கிடந்தவர்கள் அந்தச் சொல்லை எப்படி வாசித்திருப்பார்களோ. 1969இல் உலக சுகாதார நிறுவனம் இதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

சேர்த்த மறுவருடமே, 1970இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மெக்ஈவ்டி, பியர்ட் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள்: ராயல் ஃப்ரீயில் பரவியது கூட்ட ஹிஸ்டீரியா. விழுந்தவர்களில் பெண்களே அதிகம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நர்ஸுகள் நிறைந்த இடத்தில் பெண்கள் அதிகம் விழாமல் வேறு யார் விழுவார்கள்? நோயாளிகள் ஒருவரையும் அவர்கள் நேரில் பார்க்கவில்லை, பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டியே முடிவுக்கு வந்தார்கள். பதினைந்து வருடம் கழித்து, ஆள் இல்லாத கட்டிலில் காட்டிய பஞ்சு. கேஸ் ஷீட்டில் எங்கள் கையெழுத்து எப்படி ஏறும் என்பது தெரிந்தவளாகச் சொல்கிறேன், அதை வைத்து எதையும் நிரூபிக்கலாம்.

ராயல் ஃப்ரீயிலேயே தொற்றுநோய்ப் பிரிவில் இருந்த மெல்வின் ராம்சே அதை ஏற்கவில்லை. தன் நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தவர் அவர். சின்ன உழைப்புக்குப் பிறகும் தசைகள் தம் பலத்தைத் திரும்பப் பெற நாள்கணக்கில் ஆகிறது, இதுதான் இந்த நோயின் அடையாளம் என்றார். தொடக்கத்திலேயே கட்டாய ஓய்வு கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்பதையும் அவர் எழுதி வைத்தார். 1990இல் இறந்தார்.

ஆனால் நின்றது ஹிஸ்டீரியா என்ற சொல்தான். 1980களின் நடுவில் அமெரிக்காவில் தாஹோ ஏரிக்கரை ஊரான இன்க்லைன் வில்லேஜில் ஒரு கூட்டத்துக்கு இதே மாதிரி வந்தபோது, பத்திரிகைகள் ‘யப்பி ஃப்ளூ’ என்று கேலி செய்தன. பணக்கார இளசுகளின் காய்ச்சலாம். 1988இல் ‘க்ரோனிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்’ என்ற பெயர் வந்தது. என் மாமியாரிடம் அந்தப் பெயரைத் தமிழில் சொன்னேன். “அசதிக்கு ஒரு பேரா? நாங்க அம்மி அரைச்சு, தண்ணி எறைச்சு, நடவும் நட்டோம், எங்களுக்கு அசதி இல்லியா?” என்றார்கள். அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். பெயர் வைத்தவர்கள்தான் அப்படி வைத்துவிட்டார்கள்.

அசதிதானே, நடந்தால் சரியாகும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வைத்தியமாக வளர்ந்தது. 2011இல் லான்செட்டில் 641 பேரை வைத்துச் செய்த ‘பேஸ்’ ஆய்வு வெளிவந்தது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினாலும், மனப்பயிற்சி தந்தாலும் தேறுகிறார்கள் என்றது. நோயாளிகள் விடவில்லை. மூலத் தரவைக் கேட்டுத் தீர்ப்பாயம் வரை போய் 2016இல் வாங்கினார்கள். மறுபடி கணக்கிட்டபோது தேறியவர்கள் எண்ணிக்கை பெரிதும் சுருங்கியது. 2021 அக்டோபரில் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, அந்தப் படிப்படி உடற்பயிற்சியை இனி இந்த நோய்க்குக் கொடுக்கக் கூடாது என்று வழிகாட்டியைத் திருத்தியது.

அந்த அக்டோபரில் நான் பாளையங்கோட்டையில் தினம் காலையில் மொட்டை மாடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வாரத்துக்குப் பத்து சுற்று கூட்டச் சொல்லியிருந்தார்கள். நான்காவது வாரம் மாடிப்படியில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து படுத்தேன். எழுந்து வெளியே நடக்கப் பொங்கல் ஆகிவிட்டது.

இப்போது எனக்கு நானே சார்ட் போட்டுக்கொள்கிறேன். வார்டில் இன்டேக்-அவுட்புட் சார்ட் எழுதுவோமே, அதே மாதிரி. இடப்பக்கம் படுத்த நேரம், வலப்பக்கம் செலவு. குளியல் பெரிய செலவு, ஸ்டூலில் உட்கார்ந்து வெதுவெதுப்பான நீரில். தலைக்குக் குளிக்கும் நாளில் சமையல் கிடையாது. காய் நறுக்குவது உட்கார்ந்தே. மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பேன், 105 தாண்டினால் கையில் இருப்பது கரண்டியோ பேனாவோ கீழே போய்விடும். எழுந்து நின்றால் படபடப்பு வருவதால் உப்புப் போட்ட மோர், ஓ.ஆர்.எஸ்., காலுக்கடியில் இரண்டு தலையணை. மிக்சி ஓடும்போது கதவைச் சாத்திக்கொள்வேன். போனில் பேசுவதும் செலவுதான். இது ஊரில் யாருக்கும் புரியவில்லை, ‘சிஸ்டருக்குத் தலைக்கனம்’ என்ற பேச்சு காதில் விழுந்தது. இந்தக் கட்டுரையைப் பதினொரு நாளாக எழுதுகிறேன். நடுவில் நான்கு நாள் சார்ட்டில் வலப்பக்கம் காலி.

மே 12 செவிலியர் தினம். மெழுகுவர்த்தி ஏற்றி உறுதிமொழி எடுப்போம். அன்றே இந்த நோய்க்கான விழிப்புணர்வு நாளும். இரண்டுக்கும் காரணம் அது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள் என்பதுதான். கிரிமியாவில் பிடித்த காய்ச்சலுக்குப் பிறகு, 1857இலிருந்து பல வருடங்கள் அவர் பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அவருக்கு இருந்தது புருசெல்லோசிஸ் என்று பின்னாளில் ஆய்ந்தவர்கள் கணிக்கிறார்கள். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல், கட்டிலில் கிடந்தபடியே இந்திய ராணுவ முகாம்களின் சாக்கடை, குடிநீர் பற்றிய 1863ஆம் வருட அறிக்கைக்கு உழைத்தார். விளக்கேந்திய படத்தைத்தான் எங்கள் நர்ஸிங் பள்ளியில் மாட்டியிருந்தார்கள். கட்டிலில் கிடந்த நைட்டிங்கேலை யாரும் சொல்லித் தரவில்லை.

வார்டில் இருக்கும் தங்கச்சிமாருக்கு ஒன்று. டெஸ்ட் எல்லாம் நார்மலாக இருந்து, எழ முடியவில்லை என்று ஒரு பெண் வந்தால், அந்த பாட்டிலை எடுக்காதீர்கள். “முந்தாநாள் என்னம்மா வேலை செஞ்சீங்க?” என்று கேளுங்கள். அவள் சொல்வதை அவள் சொன்னபடியே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.