ஆக்சிடோசினும் மூளை வளர்ச்சியும்

ஆக்சிடோசின் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன சிறிய ஹார்மோன். ஹைப்போதலாமஸில் உருவாகி, பின்பிட்யூட்டரி வழியே இரத்தத்தில் கலந்து, பிரசவத்தில் கருப்பையைச் சுருங்க வைக்கிறது; தாய்ப்பாலை வெளியேறச் செய்கிறது. 1953இல் இதைச் செயற்கையாகத் தயாரித்த வின்சென்ட் டு விக்னோ 1955இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

மூளைக்குள் இதன் வேலை இன்னும் நுட்பமானது. காபா என்னும் வேதிப்பொருள் வளர்ந்த மூளையில் நரம்பணுக்களை அடக்கும். கருவின் மூளையிலோ பெரும்பாலும் தூண்டும். பிரசவ நேரத்தில் தாயின் ஆக்சிடோசின், சிசுவின் நரம்பணுக்களில் குளோரைடு அளவைக் குறைத்து, காபாவைச் சிறிது நேரம் அடக்கும் பொருளாக மாற்றுகிறது என்று 2006இல் எலிகளில் கண்டறிந்தார்கள். அணுக்கள் அமைதியடைவதால் ஆக்சிஜன் குறைவைத் தாங்கும் திறன் கூடுகிறது. குழந்தையை வெளியே தள்ளும் ஹார்மோனே அதன் மூளைக்குக் காவலாகவும் நிற்பது வியப்புக்குரியது.

நரம்பிணைப்புகளையும் இது திருத்துகிறது. குட்டிகளின் கீச்சொலியைப் பொருட்படுத்தாத, ஈன்றறியாத பெண் சுண்டெலிகள், ஆக்சிடோசின் பெற்றபின் அவற்றைக் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கின. அந்தப் பெண் சுண்டெலிகளின் மூளையில், இடப்பக்கச் செவிப்புலப் புறணியில் தூண்டலும் அடக்கலும் புதிதாகச் சமன்பட்டிருந்தன (2015).

‘அன்பு ஹார்மோன்’ என்ற செல்லப்பெயர் இத்தனையையும் சொல்லிவிடாது. அந்தப் பெயரை நம்பி எளிய பலனை எதிர்பார்க்கவும் முடியாது: ஆட்டிசம் உள்ள சிறாருக்கு ஆக்சிடோசினை மூக்குவழி மருந்தாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வொன்றில் (2021) குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.