ஒளியிழைக் கண்ணாடியின் சேர்மானமும் நேரியலற்ற ஒளியியல் விளைவுகளும்: ஒரு வரலாற்று நோக்கு (1966–2018)

ஆய்வுச் சுருக்கம்

ஒளியிழையில் செல்லும் ஒளியின் திறன் ஓர் எல்லையைக் கடக்கும்போது, இழையின் கண்ணாடியே அவ்வொளியைத் திருப்பி அனுப்பவும் அதன் அலைநீளத்தை மாற்றவும் தொடங்குகிறது. நேரியலற்ற விளைவுகள் எனப்படும் இவற்றைக் கட்டுப்படுத்த நெடுங்காலம் இழையின் வடிவமைப்பே பெரிதும் நாடப்பட்டது. கண்ணாடியின் சேர்மானத்தை மாற்றி இவற்றை மூலத்திலேயே குறைக்கும் முயற்சி பிற்காலத்தில்தான் வலுப்பெற்றது. இக்காலத்தாழ்வுக்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளியிழை, சிலிக்கா, ஜெர்மானியா, அலுமினா, பிரில்லூவன் சிதறல், இராமன் சிதறல்.

முன்னுரை

1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் பணியாற்றிய சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்கம் ஆகிய இருவரும், கண்ணாடியிழையின் ஒளியிழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபல் அளவுக்குக் குறைத்தால் அது தொலைத்தொடர்புக்குப் பயன்படும் என எடுத்துரைத்தனர். அதுமுதல் ஒளியிழையின் வரலாறு பெரும்பாலும் ஒளியிழப்பு குறைந்த வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. எந்தக் கண்ணாடி, எக்காரணத்தால் தேர்வுபெற்றது, அத்தேர்வின் விளைவுகள் யாவை என்னும் வினாக்கள் அதில் போதிய இடம் பெறவில்லை.

ஜெர்மானியாவின் தேர்வு

1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் மௌரர், டொனால்டு கெக், பீட்டர் ஷுல்ட்ஸ் ஆகியோர் டைட்டானியா கலந்த சிலிக்கா உள்ளகத்தைக் கொண்ட இழையில் கிலோமீட்டருக்கு 17 டெசிபல் என்னும் அளவை எட்டினர். ஆயின் அவ்விழைக்கு வெப்பப் பதப்படுத்தல் தேவைப்பட்டது. அதனால் இழை எளிதில் நொறுங்கியது. 1972இல் டைட்டானியாவுக்கு மாற்றாக ஜெர்மானியா பயன்படுத்தப்பட்டது. ஒளியிழப்பு 4 டெசிபலாகக் குறைந்தது. உள்ளகத்தின் ஒளிவிலகல் எண்ணை உயர்த்துவதற்கான சேர்மமாக ஜெர்மானியா பின்னர் நிலைபெற்றது.

அதே 1972இல் பெல் ஆய்வகத்தின் எரிக் இப்பன், ரோஜர் ஸ்டோலன் ஆகியோர் ஒளியிழையில் தூண்டப்பட்ட பிரில்லூவன் சிதறலைக் கண்டறிந்தனர். ஆர். ஜி. ஸ்மித், இழை தாங்கக்கூடிய ஒளித்திறனின் எல்லையைப் பிரில்லூவன், இராமன் சிதறல்களே வரையறுக்கும் எனக் கணக்கிட்டார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1928இல் கொல்கத்தாவில் கண்டறிந்த மிக மெல்லிய சிதறல், இழையின் நுண்ணிய உள்ளகத்திலும் நெடிய தொலைவிலும் வலுப்பெற்று ஒரு தடையாக மாறியது.

ஜெர்மானியா இராமன் சிதறலின் பெருக்கத்தை உயர்த்துகிறது. ஒளிச்செறிவுக்கேற்ப ஒளிவிலகல் எண் மாறும் தன்மையையும் மிகுவிக்கிறது. மேலும் அது கண்ணாடியில் ஒலியின் வேகத்தைக் குறைப்பதால், உள்ளகம் ஒளியோடு ஒலியலையையும் தன்னுள் நடத்திச் செல்கிறது. பிரில்லூவன் சிதறல் இவ்விரண்டின் இடைவினையால் எழுவது. ஆகவே ஒளியிழப்பைத் தீர்த்த தேர்வே நேரியலற்ற விளைவுகளுக்குத் துணைசெய்தது எனலாம்.

வடிவமைப்பு வழி

1987இல் எர்பியம் ஒளிப்பெருக்கியும், அதன்பின் உயர்திறன் இழை லேசர்களும் வந்தபோது இத்தடை நடைமுறைச் சிக்கலாயிற்று. உள்ளகத்தை அகலமாக்கி ஒளிச்செறிவைக் குறைப்பதே முதன்மைத் தீர்வாகக் கொள்ளப்பட்டது. 1996இல் அறிமுகமான ஒளிப்படிக இழைகளும் இத்தகைய வடிவமைப்புக்கு வழி வகுத்தன. ஆயினும் உள்ளகம் அகன்றபோது வளைவிழப்பு மிகுந்தது. பல பரவல் முறைகள் தோன்றின. 2010ஐ ஒட்டி, வெப்பத்தால் கற்றை நிலைகுலையும் புதிய இடர்ப்பாடும் அறியப்பட்டது. ஒன்றைத் தீர்க்க மற்றொன்று எழுந்தது.

சேர்மானத்தின் மீள்வருகை

அலுமினா ஒளிவிலகல் எண்ணையும் ஒலிவேகத்தையும் ஒருங்கே உயர்த்துவது. ஆதலால் அது கலந்த உள்ளகத்தில் ஒலியலை தங்குவதில்லை. 2007இல் கார்னிங் ஆய்வாளர்கள் அலுமினாவையும் ஜெர்மானியாவையும் உள்ளகத்தில் சேர்த்துப் பிரில்லூவன் வரம்பை உயர்த்தினர்.

2012இல் பீட்டர் டிராகிக், ஜான் பலேட்டோ குழுவினர் இன்னும் ஆழமாகச் சென்றனர். சிதறலுக்கு அடிப்படையான ஒளிமீட்சி மாறிலி சிலிக்காவில் நேர்மதிப்பும் அலுமினாவில் எதிர்மதிப்பும் உடையது. உரிய விகிதத்தில் கலந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்யும். வழக்கமான ஆவிப்படிவு முறையில் அத்துணை அலுமினாவைச் சேர்த்தால் கண்ணாடி படிகமாகிவிடும். எனவே அவர்கள் நீலக்கல் தண்டைச் சிலிக்காக் குழாயினுள் வைத்து உயர்வெப்பத்தில் இழுத்தனர். உருகிய நீலக்கல் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு விரைந்து குளிர்ந்து கண்ணாடியாயிற்று. பிரில்லூவன் பெருக்கம் வழக்கமான இழையினும் ஏறத்தாழ 100 மடங்கு குறைந்தது.

ஆயினும் இது முழுத்தீர்வன்று. இவ்விழையின் ஒளியிழப்பு தொலைத்தொடர்பு இழையினும் மிக அதிகம். ஆகையால் குறுகிய நீள லேசர் இழைகளுக்கே இவ்வழி பொருந்தும். ஒளிச்செறிவால் மாறும் ஒளிவிலகல் எண்ணை அலுமினா குறைப்பதுமில்லை. அதற்குப் புளோரைடு சேர்ந்த கண்ணாடிகள் ஆராயப்பட்டன. 2018இல் பலேட்டோ, காவியோன், டிராகிக் ஆகியோர் வெளியிட்ட தொடர் கட்டுரைகள், பல விளைவுகளையும் ஒருங்கே குறைக்கும் சேர்மானங்களுக்கான பொது அணுகுமுறையை முன்வைத்தன.

முடிவுரை

இக்காலத்தாழ்வுக்கு இரு காரணங்களைச் சுட்டலாம். ஒன்று, ஒளியிழப்பே கண்ணாடியின் தரத்துக்கு முதன்மை அளவுகோலாக நின்றமை. மற்றொன்று, ஆவிப்படிவு முறை ஏற்கும் சேர்மங்களே ஆய்வின் எல்லையாக அமைந்தமை. உற்பத்தி முறை மாறியபின்னரே மாறாதவையாகக் கருதப்பட்ட கண்ணாடியின் பண்புகள் தெரிவுக்குரியவையாயின. ஒரு தொழில்நுட்பத்தின் வரலாற்றை அதன் வெற்றிகளைக் கொண்டு மட்டும் எழுதினால், அவ்வெற்றிக்காக ஏற்கப்பட்ட குறைகள் இயற்கையின் எல்லைகளாகத் தோன்றிவிடும். ஜெர்மானியாவின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.