ஓர் ஓடையும் ஒரு பாடகரும்

வரலாற்று நூல்கள் பேராறுகளையே பெரிதும் பேசுகின்றன. சிற்றோடைகளுக்கும் வரலாறு உண்டு. தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் சில சிற்றூர்களைக் கடந்து டெஸ்ட் ஆற்றில் கலக்கும் போர்ன் ஓடை அத்தகையது. அது ஆங்கில இலக்கியத்தில் நிலைபெறக் காரணம் ஒரு நூல். அந்நூலின் நடுவே இருப்பது ஒரு பிழை.

போர்ன், சுண்ணப்பாறை நிலத்து ஓடை. மாரிக்கால மழைநீர் நுண்துளைகள் நிறைந்த பாறையினுள் இறங்கித் தங்கி, ஊற்றுகளாக மெல்ல வெளிப்படுகிறது. ஆதலின் ஓடைநீர் தெளிந்திருக்கும். கோடையில் மிகச் சூடேறுவதும் குளிர்காலத்தில் உறைவதும் அரிது. நீர்ச்செடிகளும் பூச்சிகளும் செழிக்கும் அந்நீரில் பழுப்பு டிரவுட் மீன் இயல்பாக வாழ்ந்து, குளிர்காலத்தில் கூழாங்கற்களிடையே முட்டையிடும். தெளிந்த நீரில் மீனை மனிதன் காண்பான். மனிதனை மீனும் காணும். எனவே அங்குத் தூண்டிலிடுதல் நுண்ணோக்கும் பொறுமையும் வேண்டும் கலையாயிற்று. முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, ஈயைப்போலச் செய்து, நீர்மேல் மிதக்கவிடும் முறையைப் பிரடெரிக் ஹால்ஃபோர்டு 1886-இலும் 1889-இலும் வெளியிட்ட நூல்களால் நெறிப்படுத்தினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இவ்வோடைக் கரையிலுள்ள ஹர்ஸ்ட்போர்ன் பிரையர்ஸ் என்னும் ஊரில் வாழ்ந்தவர் ஹாரி பிளங்கெட் கிரீன் (1865–1936). அயர்லாந்தில் பிறந்த இப்பாடகர், எட்வர்ட் எல்கரின் 'ஜெரான்டியஸின் கனவு' 1900-இல் பர்மிங்காமில் அரங்கேறியபோது பாடியவர்களுள் ஒருவர். ஓடையோ சிறிது, அதில் அவர் கண்ட மீன்களோ பெரியன. ஆயினும் இருப்பது போதும் என்னும் நிறைவு வரவில்லை. இன்னும் மிகுதி வேண்டி, வளர்ப்பு மீன்களைக் கொணர்ந்து ஓடையில் விட்டனர்.

ஓடை தரும் இரைக்கும் இடத்திற்கும் ஓர் எல்லை உண்டு. டிரவுட் தனக்கென ஓரிடம் பற்றி, வரும் இரையைக் காத்திருந்து உண்ணும் மீன். நூறு மீனுக்குரிய உணவை இருநூறு பகிர்ந்தால் எதுவும் நன்கு வளராது. எண்ணிக்கை கூடியது, வளம் குன்றியது. சாலைகளில் பூசிய தாரும் மழையோடு கலந்து ஓடைக்கு ஊறு செய்தது என்பது கிரீனின் கருத்து.

1924-இல் வெளிவந்த 'வேர் தி பிரைட் வாட்டர்ஸ் மீட்' என்னும் நூலில் கிரீன் இவற்றையெல்லாம் எழுதினார். பழியைப் பிறர்மேல் மட்டும் சுமத்தாமல், அளவு மீறி மீன்விட்ட பிழையில் தம் பங்கையும் ஒப்புக்கொண்டார். தூண்டிற்காரர்கள் பிடித்த மீனின் எடையைக் கூறுவது வழக்கம். இழந்த ஓடையின் கணக்கைக் கூறியவர் சிலரே. அந்நேர்மையே நூலுக்கு நெடிய வாழ்வைத் தந்தது.

ஹர்ஸ்ட்போர்ன் பிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்திலேயே கிரீன் அடக்கம் செய்யப்பட்டார். இன்று சுண்ணப்பாறை ஓடைகளுக்கு நேரும் இடர் வேறு: குடிநீருக்காக நிலத்தடி நீர் உறிஞ்சப்படுகிறது, கழிவுநீரும் கலக்கிறது. அன்று மீனைக் கூட்டினர். இன்று நீரைக் குறைக்கின்றனர். ஓடையின் அளவறியாமை இரண்டிற்கும் பொது.