இடம் மாறிய இரு சொற்கள்

மனிதரைப் போலவே சொற்களுக்கும் வாழ்வு தாழ்வு உண்டு. அரும்பினுள் அடங்கியிருக்கும் நறுமணத்தைத் திருவள்ளுவர் 'நாற்றம்' என்றார்; இன்று அச்சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ஆங்கிலத்திலும் இவ்வாறு நிலை மாறிய சொற்கள் பல. அவற்றுள் 'ஸில்லி', 'நைஸ்' என்னும் இரண்டின் வரலாறு நம்மை நின்று சிந்திக்க வைக்கிறது.

'ஸில்லி' என்றால் மூடத்தனமானது. 'நைஸ்' என்றால் இனியது, நல்லது. இதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் இவை பிறந்த காலத்தில் பொருள் ஏறக்குறைய தலைகீழாக இருந்தது.

'ஸில்லி'யின் வேர் செருமானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் 'பேறுபெற்ற' என்பதாகும். அதன் உடன்பிறப்பான 'ஸேலிக்' என்னும் செருமன் சொல் இன்றும் அப்பெருமையை இழக்கவில்லை. மலைப்பொழிவின் பேறுகள் செருமன் மொழியில் அச்சொல்லாலேயே தொடங்குகின்றன. முத்திப்பேறு பெற்றவரையும் அதே சொல்லால்தான் குறிக்கின்றனர். ஆங்கிலத்திலோ அது படிப்படியாக இறங்கியது. பேறுபெற்றவர் கள்ளமற்றவர் ஆனார். கள்ளமற்றவர் இரங்கத்தக்கவர் ஆனார். இரங்கத்தக்கவர் வலுவற்றவர் ஆனார். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுவற்றவர் அறிவற்றவர் என்றே ஆகிவிட்டார்.

அந்த இறக்கத்தின் நடுவில் ஒரு புனிதரைச் சந்திக்கிறோம். இயேசு சபைக் குருவும் கவிஞருமான இராபர்ட் சவுத்வெல், தம் விசுவாசத்திற்காக 1595-இல் இலண்டனில் கொல்லப்பட்டவர். 1970-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். தீவனத் தொட்டியில் கிடந்த பாலன் இயேசுவைப் பாடும்போது அவர் 'ஸில்லி' என்னும் அடைமொழியையே சூட்டினார். கள்ளமற்ற, தன்னைக் காத்துக்கொள்ளும் வலுவற்ற குழந்தை என்பதே அவர் கருத்து. இன்றைய ஆங்கில வாசகர் அவ்வரியைக் குறிப்புரையின்றிப் படித்தால் திடுக்கிடுவார்.

'நைஸ்' வேறு குலத்தது. 'அறியாதவன்' என்னும் பொருளுடைய 'நெஸ்கியுஸ்' என்ற இலத்தீன் சொல்லே அதன் மூலம். பிரெஞ்சு வழியாக 1300-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் நுழைந்தபோது அதற்கு 'மூடத்தனமான' என்றே பொருள். 1400-இல் மறைந்த கவிஞர் சாசரும் அவ்வாறே கையாண்டார். பின்னர் அச்சொல் எதிலும் குறை காணும் நாசூக்கையும், அதன்பின் நுட்பத்தையும் குறித்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இனிய' என்ற மேடையில் ஏறி அமர்ந்தது. 1817-இன் இறுதியில் வெளியான 'நார்தாங்கர் அபே' என்னும் புதினத்தில், எதற்கெடுத்தாலும் இச்சொல்லை வழங்கும் வழக்கத்தை ஜேன் ஆஸ்டின் எள்ளி நகையாடினார். ஆயினும் அதன் செல்வாக்குக் குறையவில்லை. அது நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது: மாவை 'நைசாக' அரைக்கிறோம், 'நைசாகப் பேசி ஏமாற்றிவிட்டான்' என்றும் சொல்கிறோம்.

உறவே இல்லாத இவ்விரு சொற்களும் இடம் மாறிக்கொண்டது எதனால்? எவரும் கூடித் தீர்மானித்ததன்று. சிறிது சிறிதாக, பேச்சுக்குப் பேச்சு, மக்கள் வழங்கிய விதமே பொருளை நகர்த்தியது. கள்ளமற்றவரைக் கண்டு முதலில் வியந்தனர், பிறகு இரங்கினர், முடிவில் நகைத்தனர். அகராதி அந்தப் பார்வையைப் பதிவு செய்தது, அவ்வளவே.

நாமும் அதையே செய்கிறோம் அல்லவா? பொய்க் கணக்கு எழுத மறுத்து வேலையை இழந்தவரைப் 'பிழைக்கத் தெரியாதவர்' என்கிறோம். எவர் மனமும் கோணாதபடி உண்மையை விழுங்கிவிடுபவரை 'நல்ல மனிதர்' என்கிறோம். இவ்வாறு சொல்லும் ஒவ்வொரு முறையும் 'பேறுபெற்றோர்' என்னும் சொல்லை நாமும் ஒரு படி கீழே இறக்குகிறோம். ஆண்டவர் மலைமீது அமர்ந்து யாரைப் பேறுபெற்றோர் என்று அழைத்தாரோ, அவர்களை நம் வீட்டிலும் தெருவிலும் நாம் என்ன சொல்லி அழைக்கிறோம்?